தபால்காரரின் பூச்சியம்

என் வீட்டுக்காரர் சேதுராமனுக்கு இரண்டு வேலை. இரண்டுமே அடுத்தவர் செய்ததைத் திரும்பப் பார்க்கிற வேலை. பகலில் கண்டி மாநகர சபைத் தண்ணீர்ப் பகுதியில் மீற்றர் செக்கிங். ஒரு வீட்டு மீற்றரை வாசித்து எழுதிய எண்ணில் யாருக்காவது சந்தேகம் வந்தால், இவர் போய் இரண்டாம் தடவை வாசிப்பார். முதல் ஆள் என்ன எழுதினார் என்று பார்க்காமல்தான் போவார். பார்த்துவிட்டுப் போனால் கண் அதையே வாசிக்குமாம். இது சபை போட்ட சட்டமில்லை, இவராகப் போட்டுக்கொண்டது.

இரண்டாவது வேலையைச் செய்வது குண்டசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிய பெரிய முதன்மை எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுபடாத எண், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று போகும். அந்த வரிசையில் இதுவரை யாரும் காணாத பெரிய எண்ணைக் கண்டவருக்குப் பேர் நிலைக்கும். இவரோ அதைத் தேடவே இல்லை. மற்றவர்கள் சோதித்து 'இது இல்லை' என்று ஒதுக்கிய எண்களை எடுத்து, நிஜமாகவே இல்லைதானா என்று ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கதான் இல்லன்னு சொல்லிட்டாங்களே. அதுல இன்னும் என்னத்தப் பார்க்கிறீங்க?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன்.

"இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு சாட்சி வேணாமா, ஞானம்?"

இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? நான் ஞானேஸ்வரி. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், கைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனை இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பிழை கண்டால்கூடத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் இவர் ஒவ்வொரு சோதனையின் முடிவையும் எழுதி வைக்கிற நீலக் கொப்பியில் மட்டும் என் சிவப்புப் பேனைக்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் ஒரு மெயில் வந்தது. வாசித்துவிட்டு எழுந்தவர், நடு மத்தியானத்தில் போய்க் குளித்துவிட்டு வந்தார். நெற்றியில் விபூதி.

"என்னங்க, யாரும் தவறிட்டாங்களா?"

"இல்ல. ஒரு செக்கிங் வந்திருக்கு."

"செக்கிங்குக்கா குளிச்சீங்க?"

இரண்டு தடவை தேத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது கோப்பை பாதி இறங்கும்போது தானாகவே வந்தது. யாரோ ஒருவர் புதிதாக ஒரு முதன்மை எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு கோடிக்கும் மேல் இலக்கம். மூச்சு விடாமல் நொடிக்கு ஒன்றாக வாசித்தாலும் நாலரை மாதம் ஆகும். அதை வெளியே அறிவிக்கும் முன்னால், வேறொரு ஆள், வேறொரு மெஷினில், வேறொரு புரோகிராமில் போட்டுப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்தில் ஒரு பிழைகூட விடாதவர் என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். அதுவரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது.

"அப்ப எனக்கு ஏன் சொன்னீங்க?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுதான் எழுதியிருக்காங்க. நீ யாரோவா?"

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். அங்கே தனியாக நின்று சிரித்தேன்.

சோதனை எப்படி என்பதையும் சொன்னார். நாலில் தொடங்க வேண்டும். நாலை நாலால் பெருக்கி இரண்டைக் கழி. வருவதை அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மிச்சத்தை வைத்துக்கொள். அதைத் திரும்ப அதாலேயே பெருக்கு, இரண்டைக் கழி, வகு, மிச்சத்தை எடு. இப்படி நாலு கோடித் தடவை. கடைசியில் மிச்சம் பூச்சியமாக வந்தால் அது முதன்மை எண். வேறு என்ன வந்தாலும் இல்லை. எங்கள் மெஷினுக்கு இருபத்தேழு நாள் பிடிக்கும்.

"நடுவுல ஒரு இடத்துல பிசகினா?"

"ஒரே ஒரு இலக்கம் பிசகினாலும் போச்சு. கடைசியில என்னமோ ஒண்ணு வரும், பூச்சியம் வராது."

"அந்த ஆளுக்குத்தான் பூச்சியம் வந்திருச்சே. அது போதாதா?"

"அவரோட மெஷின் கோளாறாகி, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பூச்சியம் காட்டியிருக்கலாம். அதுக்குத்தான் நாம. எனக்கும் வந்தா அது பூச்சியம். எனக்கு வரலைன்னா அந்த மனுஷன் கண்டது வெறும் கோளாறுன்னு ஆயிரும்."

வழக்கமாக இரண்டு மூன்று பேரிடம் கொடுப்பார்களாம். இந்தத் தடவை மற்றவருடைய மெஷின் ஆரம்பத்திலேயே செத்துவிட்டது. அதனால் முதல் சாட்சி குண்டசாலைச் சேதுராமன்தான்.

கண்டுபிடித்தவரின் பெயரைச் சொல்லவில்லை. ஏதோ ஒரு பனி ஊரில் தபால் பிரிக்கிற ஆள், பதினொரு வருஷமாகத் தேடுகிறார் என்று மட்டும் மெயிலில் இருந்தது. எனக்கு அது போதும். பதினொரு வருஷம் தேடிக் கிடைத்ததை வாயைத் திறந்து சொல்ல முடியாமல், பனிக்குள் உட்கார்ந்து கடிதம் பிரித்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷனை நினைத்துப் பாருங்கள். மறுநாளிலிருந்து சாமிக்கு விளக்கு வைக்கும்போது அந்தத் தபால்காரருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். இவரும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் திரையைப் பார்த்து, "தபால்காரர் நாலு லட்சம் தாண்டிட்டார்," "தபால்காரர் ஒரு கோடி," என்று எனக்குச் சொல்வார். வீட்டில் ஒரு விருந்தாளி தங்கியிருப்பது போலவே இருந்தது.

பதினாறாம் நாள் சரஸ்வதி பூசை. சண்டையும் அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு எந்த ஆயுதமும் வேலை செய்யக்கூடாது. கத்தரிக்கோல், அரிவாள்மனை, தையல் மெஷின், என் சிவப்புப் பேனை, இவருடைய டோர்ச், எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வில் இருக்கும். புத்தகங்களைப் பட்டில் சுற்றி அம்மன் முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிக்குத்தான் பிரிப்போம். கம்ப்யூட்டரும் ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு அணைந்து, என் பட்டுப் போர்த்திக்கொண்டுதான் இருந்தது. இந்த வருஷம் அணைக்க முடியாது என்றார்.

"கலைமகளுக்கே ஒரு நாள் லீவு குடுக்க மாட்டீங்களா?"

"அணைச்சா தப்பில்லதான். பழைய இடத்துல இருந்து தொடங்கும். ஆனா இந்த மெஷின் சில நேரம் அணைச்சா எழும்ப அடம் பிடிக்குது. எனக்குப் பயமா இருக்கு, ஞானம்."

பயம் என்று சொன்னதால் விட்டுக்கொடுத்தேன். ஒரு பொட்டுச் சந்தனம் முன்பக்கம் வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அதைத் தவிர, "தொடாத. மூடாத. மேல ஒண்ணும் வைக்காத" என்று மூன்று கட்டளை. சரி என்றேன். காலை எட்டரைக்கு ஆபீஸ் வாணி விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

ஒன்பது மணிக்கு நான் பூசைக்கு உட்கார்ந்தேன். எல்லாம் பட்டுக்குள் அழகாக இருந்தன. முன்னறையில் அந்தப் பெட்டி மட்டும் வெறுமனே நின்று 'ங்ங்' என்று உறுமிக்கொண்டிருந்தது. கண் மூடினாலும் அந்தச் சத்தம். எல்லா ஆயுதத்துக்கும் மரியாதை, தபால்காரரைச் சுமக்கிற பெட்டிக்கு மட்டும் இல்லையா? அணைக்கக்கூடாது, அவ்வளவுதானே. மனம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து என் கூறைச் சேலையை எடுத்தேன். இரண்டாக மடித்து, தலை முதல் கால் வரைக்கும் போர்த்தி, இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு செவ்வந்தி மாலையும் போட்டேன்.

உறுமல் அடங்கியது. அதுதான் என்னைக் கெடுத்தது. பட்டுப் பட்டதும் அம்மன் அதைத் தட்டிக்கொடுத்துச் சாந்தப்படுத்திவிட்டாள் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணீர்கூட வந்தது. படித்த டீச்சர்தான் நான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்?

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு றம்லத் வந்தாள். அவளுக்கென்று அவலும் கடலையும் ஒவ்வொரு வருஷமும் தனியாக எடுத்து வைப்பேன். முன்னறையில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன டீச்சர் இது, பொட்டிக்குச் சாரி உடுத்தி ஈக்கிறீங்க?"

"இன்னைக்கு அதுக்கும் பூசை, றம்லத்."

அவள் கையை வைத்துப் பார்த்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். "அல்லாஹ்வே! தொட்டுப் பாருங்க. எங்கட பழைய பிரிட்ஜையும் உம்மா இப்பிடித்தான் துணி போட்டு மூடி வெச்சாங்க. மோட்டர் பத்திப் போச்சு."

நான் தொட்டேன். இட்டிலிப் பானையைத் தொட்டது போல் இருந்தது. மாலை ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம் பறந்தது. இரண்டு பேருமாகப் பேப்பரால் விசிறினோம். அரை மணி நேரத்தில் சூடு இறங்கியது. திரையில் எண்கள் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தெரிந்தது.

"சேர்ட்ட செல்லிடுங்க டீச்சர்," என்றாள் றம்லத், அவல் பொட்டலத்தோடு போகும்போது.

நான் சொல்லவில்லை. நாலரைக்கு இவர் வந்தார். நேரே பெட்டியிடம் போனார், சந்தனப் பொட்டைப் பார்த்தார். "அழகா இருக்கு," என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் வாய் அடைத்துவிட்டது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு வீணாக அந்த மனுஷனுக்குக் கவலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொப்பி கொண்டுவராத நாளில் இதைவிட நல்ல சமாதானம் சொல்வார்கள்.

இருபத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு முடியும் என்று கணக்கு. இவர் ஒன்பதுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பாற்சோறு வைத்திருந்தேன், அடுப்பில் இருந்தது. பத்து ஐந்துக்கு முன்னறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். இவர் நீலக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். பூச்சியம் எழுத இத்தனை நேரம் எதற்கு? எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இடத்தில் ஏதோ ஒரு வரி, பெரிய மிச்சத்தைக் கம்ப்யூட்டர் அப்படித்தான் சுருக்கிக் காட்டும்.

"வரல்ல, ஞானம்."

பேனையை மூடி, கொப்பியை நேராக வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் முன்பொரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் இழந்துவிட்டு வந்த நாளிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"இப்ப என்ன செய்யணும்?"

"எழுதிப் போடணும். பாவம், பதினொரு வருஷம். இந்நேரம் அங்க விடியவே இல்லை. எழும்பினதும் அந்த ஆளுக்குச் சொல்லிருவாங்க."

மெயிலைத் திறந்து தட்ட ஆரம்பித்தார். ஒரு விரலால் தட்டுவார், எழுத்து எழுத்தாக. ஒவ்வொரு தட்டும் எனக்கு நெஞ்சில் கேட்டது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. றம்லத் சொல்ல மாட்டாள். இவர் என்னை ஒரு நாளும் சந்தேகப்பட மாட்டார். இவருடைய சொல்லை அவர்களும் சந்தேகப்பட மாட்டார்கள், ஒன்பது வருஷமாகப் பிழை விடாத ஆள் அல்லவா. அந்தத் தபால்காரர் மட்டும் நாளைக்குக் காலையில் வேலைக்குப் போய், தான் கண்டது பொய் என்று நினைத்துக்கொண்டே கடிதம் பிரிப்பார். என் சேலைக்காக.

அறைக்குள் போய் அலுமாரியிலிருந்து கூறைச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். ஏன் அதை எடுத்தேன் என்று தெரியாது. சாட்சி இல்லாமல் எதையும் நம்ப மாட்டார் என்பதாலோ என்னவோ.

"அனுப்பாதீங்க," என்றேன். "பூசையன்னைக்கு இதால அந்தப் பெட்டியப் போர்த்தி வச்சேன். கொதிச்சுப் போச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

விரல் நின்றது. சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு மூடினே?"

"ஒன்பது... ஒன்பது பத்து இருக்கும்."

"எத்தனைக்கு எடுத்தே?"

"றம்லத் வந்தப்ப. மூணு."

கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டார். மீற்றர் செக்கிங்கில் எழுதுவாரே, அப்படி. எனக்கு வந்ததே கோபம்.

"எழுதுறீங்களே! நாலு வார்த்தை திட்டுங்களேன்! மூணு தடவை சொல்லிட்டுப் போனீங்க. சரின்னு தலையாட்டிட்டு முதுகு திரும்பினதும் செஞ்சேன். பதினொரு நாளா உங்க மூஞ்சியப் பார்த்துச் சோறு போட்டேன். திட்டுங்க!"

அவர் எழுந்தார். முகம் மாறியிருந்தது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு வரப் பார்த்தது.

"ஞானம், அப்ப தபால்காரர் இன்னும் சாகல்ல!"

நேரே புத்தக அலுமாரிக்குப் போய், பழைய மடக்கை அட்டவணைப் புத்தகத்தை எடுத்தார். அவர் படித்த காலத்துப் புத்தகம். ஒவ்வொரு வருஷமும் சரஸ்வதி பூசைக்கு அவருக்கென்று அம்மன் முன்னால் போவது அது ஒன்றுதான். விரித்து உதறினார். உள்ளேயிருந்து ஒரு பென் டிரைவ் விழுந்தது.

"இது என்ன?"

"பூசையன்னைக்குக் காலையில, போறதுக்கு முன்னால அதுவரைக்கும் ஓடினதை ஒரு பிரதி எடுத்தேன். மெஷினை நிப்பாட்ட முடியல்ல. அதோட கணக்காவது அன்னைக்கு அம்மனுக்கு முன்னால சும்மா இருக்கட்டும்னு புத்தகத்துக்குள்ள வச்சு உன் கட்டுல சேர்த்துட்டேன்." குனிந்து பென் டிரைவை எடுத்தார். "நீ எப்படியும் ஏதாவது செய்வேன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"பதினெட்டு வருஷமா உன்கூட இருக்கேன்ல."

நான் சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அதில் இன்னும் செவ்வந்தி வாசம் இருந்தது.

மெயிலை அழித்துவிட்டு வேறு மெயில் எழுதினார். நான் பக்கத்தில் நிற்கவில்லை, பாற்சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. முடிவு சரியில்லை, மெஷின் சூடேறிவிட்டது, பன்னிரண்டு நாள் தவணை வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னார். சரி என்று பதில் வந்தது. ஆனால் உடனே தொடங்கவில்லை. அந்தச் சூட்டில் மெஷினுக்கு ஊறு வந்திருந்தால் என்ன செய்வது? முன்பே உலகத்துக்குத் தெரிந்த ஒரு சின்ன முதன்மை எண்ணைக் கொடுத்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார். பூச்சியம் காட்டியது. திங்கட்கிழமை பின்னேரம், பூசைக் காலையில் எடுத்த பிரதியிலிருந்து திரும்பத் தொடங்கினோம்.

அந்தப் பதினொரு நாளும் நான் அந்த அறைக்குக் காவல். ஊதுபத்தி கிடையாது. மேசையில் தேத்தண்ணீர்க் கோப்பை கிடையாது. இடையில் தீபாவளியும் வந்தது. வந்த சொந்தக்காரரையெல்லாம் பின்பக்கமாகக் கூட்டிப் போய்க் குசினியில் உட்கார வைத்தேன். "முன்னறையில என்ன?" என்று என் நாத்தனார் கமலம் கேட்டதற்கு, "விருந்தாளி படுத்திருக்கார்" என்றேன். தெல்தெனியவிலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்கு அதைக் கேட்டு மூக்கு விடைத்தது. போகட்டும். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பேராதனை பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் குண்டசாலையில் கரண்ட் இருக்குமா என்ற ஒரே நினைப்பு. கரண்ட் போய்த்தான் இருந்தது. ஆனால் இவர் மாட்டி வைத்திருந்த பற்றரிப் பெட்டி தாங்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு முடிய வேண்டும். நாலரைக்கே இவர் எழுந்து வாசல்பக்கம் போய்விட்டார்.

"எங்க போறீங்க?"

"நான் பார்க்க மாட்டேன். எனக்கு என்ன வரணும்னு ஆசைப்படுறேன்னு என் கண்ணுக்குத் தெரியும். நீ வாசி."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

"நீ டீச்சர். பிழைன்னா பிழைன்னு சொல்லுவே."

இப்படியாகத்தான், இதுவரை கண்டதிலேயே மிகப் பெரிய அந்த முதன்மை எண்ணின் இரண்டாவது பூச்சியத்தை முதலில் பார்த்தது நான். திரையில் ஒரு வரி ஆங்கிலம், இது முதன்மை எண் என்று. பக்கத்தில் மிச்சம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தேன். பிறகு வாசலுக்குப் போனேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு திரீவீலர் போய்க்கொண்டிருந்தது. கையை மடக்கி வட்டமாகக் காட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடு வாசலில், றம்லத் வீட்டு ஜன்னலுக்கு நேராக. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடிக்கவில்லை.

இன்னொருவரும் வேறு இடத்தில் சோதித்து முடித்த பிறகு, ஒரு மாதம் கழித்து அறிவித்தார்கள். தபால்காரரின் பெயரும் படமும் வந்தன. வழுக்கைத் தலை, வெட்கச் சிரிப்பு, நான் நினைத்திருந்ததைவிட நோஞ்சான். கீழே சின்ன எழுத்தில் சோதித்தவர்கள் பெயர். எஸ். சேதுராமன், கண்டி. ஆபீஸில் யாருக்கும் இவர் சொல்லவில்லை. நான் கலஹா வரைக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அப்படியொரு மெயில் இவருக்கு வரவில்லை. அடுத்த வருஷமும் எங்கோ ஒரு பெரிய எண் கண்டுபிடித்தார்கள், சோதிக்க வேறு யாரையோ கேட்டார்கள். இவர் பழையபடி 'இல்லை' என்றவற்றுக்குச் சாட்சி பார்க்கப் போய்விட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "எத்தனையோ பேர் இருக்காங்க," என்றார்.

அந்த வருஷமும் சரஸ்வதி பூசை வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பட்டை எடுத்து என் கையில் தந்து, "இப்பப் போர்த்து" என்று சிரித்தார். புத்தகக் கட்டுக்குள் வைக்க அந்தத் தடவை நீலக் கொப்பியையும் எடுத்தேன். எடுக்கும்போது அது விரிந்துகொண்டது. அவர் அனுப்புகிற முக்கியமான மெயிலையெல்லாம் அச்செடுத்து ஒட்டி வைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிய மெயிலும் ஒட்டியிருந்தது. ஆங்கிலம்தான், என்றாலும் எனக்குப் புரிகிற ஆங்கிலம்.

'இந்தப் பிழைக்கு மெஷின் காரணமில்லை. காலை 9.10 முதல் பிற்பகல் 3.00 வரை அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தியவன் நான். என் கவனக்குறைவு. மன்னிக்கவும். என் பெயருக்கு எதிரே இதைப் பதிந்துகொள்ளுங்கள்.'

நேரம் சரி. துணி சரி. முதல் ஆள் எழுதியதைக்கூடப் பார்க்காமல் போய் மீற்றர் வாசிக்கிற மனுஷன், ஒரு இலக்கம் பிசகினால் சோறு இறங்காத மனுஷன் வாழ்க்கையிலேயே அறிந்து எழுதிய ஒரே பொய் அந்த வரியில் இருந்தது. அதனால்தான் அவரை மறுபடியும் கூப்பிடவில்லை. ஒரு வருஷமாக அதை என்னிடம் ஒரு சொல் சொல்லவும் இல்லை.

குசினியில் அவர் கடலையை வடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. கட்டோடு வைப்பதற்காகச் சந்தனம் பூசி வைத்திருந்த என் சிவப்புப் பேனையை எடுத்தேன். ஆயுதம் தொடக்கூடாத நாள்தான். 'நான்' என்ற சொல்லை வெட்டி 'என் மனைவி' என்று எழுதப் பேனையைக் கொண்டுபோனேன். கை போகவில்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டேன். கொப்பியை மூடி, பட்டில் சுற்றி, அம்மன் முன்னால் வைத்தேன்.